மாரியில் வெடிக்கும் போறணையும் கணக்கில் வராத செலவும்

கடந்த மாரி மழை நேரம் ஒரு நாள் சுபஹுத் தொழுகை முடிந்து வெளியே வரும்போது, பேக்கரி நடத்தும் சகோதரர் ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். முந்திய இரவு அவருடைய போறணையின் மேல்வளைவிலிருந்து இரண்டு கல் இளகி, வெந்துகொண்டிருந்த பாண் தட்டுகளுக்கு மேல் விழுந்துவிட்டதாம். அன்றைய பாண் முழுவதும் வீண். மேசனை எங்கே பிடிக்கலாம் என்றுதான் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ கடன் கேட்டார். வீட்டிலுள்ளவரின் நகையை அடகு வைத்தும் காசு போதவில்லை என்று சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துவிட்டது.

இருபது வருடமாகத் தொழில் செய்பவர். மாவுக்கு எவ்வளவு, சீனிக்கு எவ்வளவு, மாஜரினுக்கு எவ்வளவு என்று நித்திரையில் கேட்டாலும் சொல்லுவார். ஆனால் போறணை திருத்த வருடத்துக்கு எவ்வளவு ஒதுக்குகிறீர்கள் என்று நான் கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. நம்மில் பலரிடம் இதற்குப் பதில் இல்லை என்பதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன். பேக்கரிக்காரர்களுக்கு மட்டும் எழுதுவதாக மற்றவர்கள் நினைக்க வேண்டாம். அரிசி ஆலையில் நெல் அவிக்கும் அடுப்பு வைத்திருப்பவருக்கும், ஹோட்டலில் பெரிய அடுப்பு வைத்திருப்பவருக்கும், வீட்டிலிருந்தே கேக்கும் றோல்ஸும் செய்து விற்கும் நம் சகோதரிகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

உலர் வலயம் என்ற பெயரை நம்பக் கூடாது

பாண் என்ற சொல்லும் போறணை என்ற சொல்லும் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தவை. அந்தக் காலத்திலிருந்து போறணையின் அடிப்படை பெரிதாக மாறவில்லை. செங்கல்லால் ஒரு தளம், அதற்கு மேல் வளைவு, வளைவுக்கு மேல் சூடு வெளியேறாமல் மண் அல்லது மணல். உள்ளே விறகை எரித்து, கல்லில் சூடேற்றி, தணலை வாரி ஒதுக்கிவிட்டு, கல்லில் தங்கிய சூட்டில் பாணை வேக வைக்கிறோம். ஆகவே போறணை என்பது சூட்டைச் சேமித்து வைக்கும் ஒரு பெட்டி. கல்லுக்குள் ஈரம் இருந்தால், நாம் கொடுக்கும் சூடு முதலில் அந்த ஈரத்தை விரட்டுவதற்கே செலவாகும். பாணுக்கு மிச்சம்தான் கிடைக்கும்.

வன்னியை உலர் வலயம் என்று பாடப் புத்தகத்தில் படித்தோம். அது வருடக் கணக்குக்குச் சரி. போறணைக்குச் சரியில்லை. நமக்குக் கிடைக்கும் மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான வாடைக் காலத்தில் ஒரேயடியாகக் கொட்டுகிறது. 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறக்கப்பட்டு கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். 2020 டிசம்பரில் புரவி வந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நாடு முழுவதையும் உலுக்கியது, வன்னியையும் விடவில்லை. எட்டு மாதம் காய்ந்து கிடந்த கல், நான்கு மாதம் ஊறுகிறது. இந்தக் காய்தலும் ஊறுதலும் மாறி மாறி வருவதுதான் போறணைக்குப் பெரிய எதிரி.

தண்ணீர் ஆவியாகும்போது அதன் பருமன் ஏறக்குறைய 1,600 மடங்காகிறது. மழையில் மூன்று நாள் பேக்கரியைப் பூட்டி வைத்துவிட்டு, நாலாம் நாள் பொழுது விடியுமுன் அவசரமாகப் பெருந்தீ போட்டால் கல்லின் துளைகளில் நிற்கும் தண்ணீர் வெளியேற வழி தெரியாமல் கல்லையே பிளந்துகொண்டு போகும். அந்த வெடிப்பு முதல் வருடம் மயிர் போல் இருக்கும். அடுத்த வருடம் அதில் நகம் போகும். மூன்றாம் வருடம் கல் தட்டில் விழும்.

சீமெந்து செய்யும் துரோகம்

இதில் நானே பட்டிருக்கிறேன். முல்லைத்தீவு தண்ணீரூற்றில் என் வாப்பாவுக்கு ஒரு சிறிய பேக்கரி இருந்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது எல்லாவற்றையும் விட்டுப் புத்தளம் போனோம். யுத்தம் முடிந்தபின் 2010இல் திரும்பி வந்து பார்த்தால், கூரை இல்லை, கதவு நிலை இல்லை. போறணை மட்டும் அரைவாசி நின்றது. இருபது மாரி மழை அதன் மேல் பெய்திருந்தது. அதற்குள்ளிருந்து ஆலமரக் கன்று ஒன்று வளர்ந்திருந்தது.

நான் செய்த தவறு, நின்ற பகுதியையும் இடித்துவிட்டுப் புதிதாகச் சீமெந்தில் கட்டியது. வாப்பா களிமண்ணில் கட்டியது பழைய முறை, சீமெந்துதான் பலம் என்று எனக்கு நினைப்பு. கட்டிய மேசனுக்கும் அதுதான் நினைப்பு. முடித்துக் கொடுத்த நாலாம் நாளே தீ மூட்டினேன். அந்த வருட மாரியிலேயே உள்சுவர் மாவாகக் கொட்டத் தொடங்கிவிட்டது. பாணின் அடியில் மணல் கடிபடுகிறது என்று வாடிக்கையாளர் சொல்லித்தான் எனக்கே தெரிய வந்தது. மேசனை ஏசினேன். பிழை என் அவசரத்திலும் இருந்தது.

காரணம் பிறகுதான் விளங்கியது. சீமெந்து இறுகும்போது அதற்குள் ஒருவகைச் சுண்ணாம்பு உண்டாகிறது. 400 பாகை செல்சியஸைத் தாண்டிய சூட்டில் அது நீரை இழந்து சுட்ட சுண்ணாம்பாகிவிடும். விறகுத் தீ நேரே படும் இடத்தில் அந்தச் சூடு தாராளமாக வரும். பிறகு போறணை ஆறும்போது, மாரிக் காற்றிலுள்ள ஈரத்தை அந்தச் சுட்ட சுண்ணாம்பு உறிஞ்சி உப்புகிறது. சுட்ட சிப்பியில் தண்ணீர் தெளித்தால் அது பொங்கி உதிர்ந்து வெற்றிலைச் சுண்ணாம்பாவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதே வேலைதான் சுவருக்குள் நடக்கிறது. வரண்ட நாட்டில் சீமெந்துப் பூச்சு கொஞ்சக் காலமாவது தாக்குப் பிடிக்கும். ஈரமான நாட்டில் பிடிக்காது.

1990களில் வன்னிக்குள் சீமெந்து கொண்டுபோகத் தடை இருந்தது. உள்ளேயிருந்த தமிழ்ச் சகோதரர்கள் களிமண்ணையும் புற்றுமண்ணையும் குழைத்து வீடும் அடுப்பும் கட்டினார்கள். அது இல்லாத காலத்தின் சமாளிப்பு என்று நாம் நினைக்கிறோம். போறணையின் உட்பக்கத்துக்கு அதுதான் சரியான சாந்து. களிமண் சூட்டில் இறுகும். சீமெந்து சூட்டில் உதிரும். வெளிச்சுவருக்கும் அத்திவாரத்துக்கும் சீமெந்து போடுங்கள், தவறில்லை. தீ படும் பக்கத்துக்குக் களிமண் சாந்து அல்லது சூடு தாங்கும் சாந்துதான் போட வேண்டும். வசதியுள்ளவர்கள் பயர் பிறிக் என்று விற்கும் சூடு தாங்கும் கல்லைத் தீ மூட்டும் பகுதிக்காவது வைத்துக் கட்டலாம். விலை அதிகம்தான். ஆனால் மூன்று முறை திருத்தும் கூலியை எழுதிப் பார்த்தால் அது மலிவாகத் தெரியும்.

பெரிய செலவைத் தடுக்கும் சின்ன வேலைகள்

போறணைத் திருத்தத்தில் செலவு மூன்று படியாக ஏறுகிறது. சந்து வெடிப்பை அடைப்பது ஒரு நாள் கூலி. உள்வளைவில் சில கல் மாற்றுவது ஒரு வாரக் கூலியோடு, அந்த வாரத்து வியாபார நட்டமும் சேர்ந்தது. வளைவே இறங்கிவிட்டால் புதுப் போறணைதான். முதலாவது படியில் கவனிக்காதவர் மூன்றாவது படிக்குக் காசு கட்டுகிறார்.

முதலில் கூரையைப் பாருங்கள். பல போறணைகளைக் கெடுப்பது மேலே இருக்கும் தகரத்தின் ஆணி ஓட்டைதான். ஒழுக்குத் தண்ணீர் வளைவுக்கு மேலுள்ள மணலில் இறங்கினால் வெளியே தெரியாது. மணல் அதைப் பஞ்சு போல் பிடித்து வைத்திருக்கும். புகைபோக்கிக்கு மேல் மழைத் தொப்பி இருக்கிறதா என்று பாருங்கள். தளம் நிலமட்டத்தை விட உயர்ந்து, அத்திவாரத்தில் ஈரம் மேலேறாத தடுப்பு இருக்க வேண்டும். தளத்துக்குக் கீழே உப்புப் போட்டுக் கட்டும் வழக்கம் சிலரிடம் உண்டு. சூட்டைப் பிடித்து வைக்கும் என்பார்கள். ஆனால் உப்பு காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும், பக்கத்திலுள்ள இரும்பையும் தின்னும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் கடல் காற்றே போதும், உப்பை நாமும் உள்ளே வைக்கத் தேவையில்லை.

அடுத்தது விறகு. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். நன்றாகக் காய்ந்த விறகில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அப்படியென்றால் பத்துக் கிலோ பச்சை விறகு வாங்கும் முதலாளி ஐந்து கிலோ தண்ணீருக்கும் காசு கொடுக்கிறார். அத்தோடு முடியவில்லை. அந்தத் தண்ணீரை ஆவியாக்க ஒவ்வொரு கிலோவுக்கும் 600 கிலோகலோரிக்கு மேல் சூடு போகிறது. ஈர விறகின் புகை புகைபோக்கியில் தார் போல் படிந்து, அதை அடைத்து, ஒரு நாள் அதுவே தீப்பிடிக்கும். மாரிக்கு வேண்டிய விறகை ஓகஸ்ட்டுக்குள் வாங்கி, நிலத்தில் படாமல் அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றோட விடுங்கள். காட்டு மரத்தை அனுமதியில்லாமல் வெட்டியதை மலிவு என்று வாங்க வேண்டாம். அது சட்டப்படியும் குற்றம், பரக்கத்தும் இல்லை. மரக்காலைக் கழிவுகளும் தென்னை மட்டைகளும் இருக்கின்றன.

மூன்றாவது, திருத்த வேலைக்குரிய காலம். சோளகக் காற்று வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரைதான் வன்னியில் இந்த வேலைக்கு நல்ல காலம். மேசன்மாரும் அப்போது பேசிய கூலிக்கு வருவார்கள். நவம்பரில் கூப்பிட்டால் அவர்கள் கேட்பதுதான் கூலி. எந்தத் திருத்தமும் முடிந்தபின் குறைந்தது ஒரு வாரமாவது விட்டு, பிறகு முதல் நாள் ஒரு சிறங்கை விறகு, அடுத்த நாள் கொஞ்சம் கூட என்று சிறுதீயால் காய வைக்க வேண்டும். மழைக்காகப் பூட்டிய பேக்கரியை மறுபடி திறக்கும்போதும் இதே முறைதான். அந்தப் பொறுமைக்குக் கூலி கிடையாது.

மின்சாரமும் காஸும்

விறகுப் போறணை பழசு, மின்சார அடுப்புக்கு மாறினால் இந்தத் தலைவலி இல்லை என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். மாறுவதை நான் எதிர்க்கவில்லை. புகை குறைவு, இடம் குறைவு, சூட்டை எண்ணால் பார்க்கலாம். ஆனால் திருத்தச் செலவு இல்லை என்பது பிழை. ஈரக் காற்றில் பர்னர் துரு பிடிக்கும், வயர் முனைகள் பச்சை பிடிக்கும், சூட்டைக் கட்டுப்படுத்தும் சின்னப் பலகை ஒரு மாரியில் கருகிவிடும். செங்கல் வெடித்தால் ஊர் மேசன் போதும். அந்தப் பலகை கருகினால் கொழும்புக்குப் போக வேண்டும்.

2022ஆம் வருடம் நமக்குப் படிப்பித்த பாடமும் இருக்கிறது. மார்ச் மாதம் மத்திய வங்கி ரூபாவை மிதக்க விட்டபின், 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா வரை போனது. இறக்குமதியாகும் உதிரிப்பாகங்கள் எல்லாம் அதோடு ஏறின. காஸ் கிடைக்கவில்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. அந்த நாட்களில் விறகுப் போறணை வைத்திருந்தவர்களின் அடுப்பு எரிந்தது. ஆகவே புதிய அடுப்பு வாங்குபவர்கள் பழைய போறணையை இடித்து இடத்தை வெறுமையாக்க அவசரப்பட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். வாங்கும்போது விலையை மட்டும் கேட்காமல், உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும், திருத்துபவர் வவுனியாவில் இருக்கிறாரா என்று கேட்டு, அந்த விடையையும் விலையோடு சேர்த்து எடை போடுங்கள்.

ஒரு பாணுக்கு இரண்டு ரூபா

இனி கணக்குக்கு வருவோம். ஒரு நாளைக்கு 300 பாண் போடும் பேக்கரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாணுக்கு 2 ரூபாவைப் போறணைக்கென்று தனியாக எடுத்து வைத்தால் நாளுக்கு 600 ரூபா. மாதத்தில் 26 நாள் வேலை என்றால் 15,600 ரூபா. வருடத்துக்கு 187,200 ரூபா. கல்லாப்பெட்டியில் போட்டால் அது நிற்காது. தனி உண்டியலோ தனிக் கணக்கோ வேண்டும். பணமாக மட்டும் வைக்காமல், அதில் ஒரு பகுதிக்கு ஐம்பது பயர் பிறிக்கும் ஒரு மூடை சூடு தாங்கும் சாந்தும் வாங்கி ஈரம் படாத இடத்தில் வைத்துவிடுங்கள். 2022 போல் ரூபா விழுந்தாலும் கல்லின் எண்ணிக்கை குறையாது.

ஸகாத் விடயத்தையும் பலர் கேட்கிறார்கள். தொழிலுக்குப் பயன்படும் போறணைக்கும் உபகரணங்களுக்கும் ஸகாத் இல்லை. ஆனால் அதற்கென்று சேர்த்து வைத்த பணம் நம் மற்றப் பணத்தோடு சேர்ந்து நிஸாபை அடைந்து வருடம் பூர்த்தியானால் அது கணக்கில் வரும். உங்கள் நிலைமையை உலமாக்களிடம் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டு ரூபாவை ஒதுக்காதவர் வேறு எங்கிருந்தோ அதை எடுக்கத்தான் போகிறார். சிலர் வட்டிக்கு எடுக்கிறார்கள். வாராந்தக் கடன் கொடுக்கும் கம்பனிகள் வன்னிக் குடும்பங்களை என்ன பாடு படுத்தின என்பதை நாம் கண்ணால் கண்டோம். வட்டி ஹராம் என்று வெள்ளிக்கிழமை கேட்டுவிட்டு, திங்கட்கிழமை அதே வாசலில் நிற்கும் நிலை ஏன் வருகிறது? நல்ல காலத்தில் ஒதுக்காததனால் வருகிறது.

வேறு சிலர் பாணிலிருந்து எடுக்கிறார்கள். இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது, எழுதாமலும் இருக்க முடியாது. ஒரு இறாத்தல் பாண் 450 கிராம் இருக்க வேண்டும் என்பது நாட்டின் சட்டம். போறணை சூடு பிடிக்காவிட்டால் விறகு கூடப் போகிறது, ஒரு பக்கம் கருகி மறுபக்கம் வேகாமல் கழிவு விழுகிறது. அந்த நட்டத்தைச் சமாளிக்க மாவுருண்டையில் இருபது கிராம் கிள்ளுகிறார்கள். அளவு நிறுவையில் மோசம் செய்பவர்களைப் பற்றி அல்குர்ஆனில் ஒரு அத்தியாயமே இருக்கிறது. நம் போறணையின் வெடிப்புக்கு, காலையில் ஒரு பாணை ஆறு பேருக்குப் பங்கிடும் வீட்டிலுள்ள பிள்ளை ஏன் பணம் கட்ட வேண்டும்? நம் பாணை வாங்குபவர்களில் தமிழ்ச் சகோதரர்கள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியும். ஒரு முஸ்லிமின் தராசைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதும் நம் பொறுப்புத்தான்.

எழுத்தில் வையுங்கள்

மேசனோடு பேசும்போது வாய்ப்பேச்சில் விடாதீர்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான் அல்குர்ஆனிலேயே மிக நீளமானது. சூறா பகராவின் 282ஆம் வசனம் அது. எழுதுவது அவநம்பிக்கை அல்ல என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை. எந்தச் சாந்து, எத்தனை கல், யார் வாங்குவது, எத்தனை நாள், அடுத்த மாரிக்குள் வெடித்தால் யார் பொறுப்பு என்று அரைப் பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கொந்தராத்துக்கு விட்டால் மலிவு என்று மொத்தமாகக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகாதீர்கள். அதேபோல் வேலை முடிந்த அன்றே கூலியைக் கொடுங்கள். மேசனின் கூலியை இழுத்தடித்துவிட்டு, அடுத்த மாரியில் அவர் ஓடி வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இன்னொன்றையும் இப்போதே யோசிக்க வேண்டும். ரமழான் வருடத்துக்கு 11 நாள் அளவில் முன்னால் வருகிறது. வரும் வருடங்களில் அது ஜனவரிக்குள் இறங்கி, 2030இல் ஜனவரியில் ஒரு ரமழானும் டிசம்பர் கடைசியில் இன்னொரு ரமழானும் தொடங்கும். நமக்கு வியாபாரம் அதிகமுள்ள மாதம், மழை அதிகமுள்ள மாதங்களுக்குள் வருகிறது என்பது இதன் அர்த்தம். இப்தாருக்கு றோல்ஸும் சமோசாவும் ஸஹருக்குப் பாணும் கேட்டு ஜனம் வாசலில் நிற்கும்போது போறணை விழுந்தால், அந்த நட்டத்தை ஒரு வருடத்தில் எடுக்க முடியாது.

கடைசியாக ஒரு யோசனை. வன்னியில் நம் பேக்கரிக்காரர்கள் இருபது பேர் சேர்ந்து மாதம் ஆளுக்கு 3,000 ரூபா போட்டால் மாதம் 60,000 ரூபா, வருடம் 720,000 ரூபா. அதிலிருந்து 150,000 ரூபா வீதம் வருடத்துக்கு நாலு பேருக்கு வட்டியில்லாத கடனாகக் கொடுத்தாலும் மிச்சம் இருக்கும். திருப்பிக் கட்டும் பணம் அடுத்தவருக்குப் போகும். ஒரே ஒரு நிபந்தனை: ஓகஸ்ட் மாதத்துக்குள் ஒவ்வொருவரும் தன் போறணையை இன்னொரு அங்கத்தவருக்குத் திறந்து காட்ட வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகம் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளலாம். விரும்பும் தமிழ், சிங்களப் பேக்கரிக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். மழை எவருடைய போறணை என்று பார்த்துப் பெய்வதில்லை. கலியாண வீட்டுக்கும் சீட்டுக்கும் சேரும் நமக்கு இதற்குச் சேர முடியாதா?

பள்ளி வாசலில் என்னிடம் கடன் கேட்ட சகோதரருக்கு என்னால் முடிந்ததைக் கொடுத்தேன். அவர் போறணை இப்போது எரிகிறது, அல்ஹம்துலில்லாஹ். அதன் பக்கத்துச் சுவரில் ஒரு தகர உண்டியல் தொங்குகிறது. போன கிழமை பாண் வாங்கப் போனபோது அதைத் தட்டிக் காட்டினார். சத்தம் கனமாகத்தான் இருந்தது.

வாடை தொடங்குமுன் உங்கள் போறணைக்குள் ஒரு ரோர்ச் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். அல்லாஹ் நம் தொழில்களில் பரக்கத் செய்வானாக.